சி டிரைவ் நிரம்பிவிட்டது. பேஜ் ஃபைலையும் ரீஸ்டோர் பாயிண்டுகளையும் அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். அழித்தே தீருவேன் என்றால், கீழே உள்ளதைப் படித்துவிட்டு அழியுங்கள்.

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சி டிரைவில் 2 ஜிபிகூட மிச்சமில்லை, மறைத்து வைத்த ஃபைல்களைக் காட்டச் சொன்னதும் பேஜ்ஃபைல்.சிஸ், ஹைபர்ஃபில்.சிஸ் என்று இரண்டு பூதங்கள் தெரிகின்றன. முதலாவதுதான் பேஜ் ஃபைல், ராமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்கில் பிடித்து வைக்கும் இடம். இரண்டாவது, ஹைபர்னேட் செய்யும்போது ராமில் இருப்பதைக் கொட்டி வைக்கும் ஃபைல். அவற்றை டி டிரைவுக்குத் தள்ளலாமா, சிஸ்டம் ரீஸ்டோரை (கோளாறு வந்தால் விண்டோஸைப் பழைய தேதியின் நிலைக்குத் திருப்பும் வசதி, அப்படித் திரும்பக்கூடிய நிலைகள்தான் ரீஸ்டோர் பாயிண்டுகள்) அணைத்துவிடலாமா, ‘ரெக்கவரி’ என்ற பெயரில் சும்மா கிடக்கும் சின்ன டிரைவைப் பயன்படுத்திக்கொள்ளலாமா. நீங்கள் சொல்லாததையும் சேர்த்து ஊகிக்கிறேன். சின்ன எஸ்எஸ்டி, நடுத்தர ராம், பல வாரமாகச் சிவப்பாகவே இருக்கும் பட்டை. டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து சுத்தம் செய்ய மட்டும் மனம் வந்திருக்காது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நானும் அந்த ஜாதிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கணினிப் படிப்பு படித்தவன் இல்லை. கை சுட்டுக்கொண்டவன், அவ்வளவுதான். ‘64 ஜிபி ராம் வைத்திருக்கிறேன், பேஜ் ஃபைல் இல்லாமல் பல வருடமாக ஓட்டுகிறேன்’ என்று யாராவது சொல்ல வரலாம். சந்தோஷம், ஓட்டுங்கள். கேள்வி கேட்டவரிடம் 64 ஜிபி இல்லை.

என்னுடையது 8 ஜிபி ராம், சி-க்கு 120 ஜிபி எஸ்எஸ்டி (விண்டோஸ் கணக்கில் அது 111 தான்), டி-க்குப் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் ஒன்று. ஒரு நாள் ராத்திரி, உங்களைப் போலவே, மறைந்த ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். பேஜ் ஃபைல் மட்டும் 9 ஜிபி. அதை டிலீட் செய்யப் பார்த்தேன், ‘பயன்பாட்டில் இருக்கிறது’ என்று சொல்லி மறுத்துவிட்டது. மறுத்தால் எனக்கு ரோஷம் வரும்.

சிஸ்டம் ப்ராபர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், மறுபடியும் அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி, சேஞ்ச். இத்தனை கதவு தாண்டிப் போனால் ஒரு சின்னப் பெட்டி வரும். மேலே ஒரு டிக்: ‘எல்லா டிரைவுக்கும் பேஜ் ஃபைல் அளவைத் தானாகவே நிர்வகி.’ அதை எடுத்தேன். பட்டியலில் சி-யைத் தொட்டு, ‘பேஜ் ஃபைல் வேண்டாம்’ என்பதைத் தேர்ந்து, ‘செட்’ அழுத்தினேன். உடனே ஓர் எச்சரிக்கை வந்தது. பேஜ் ஃபைல் இல்லாவிட்டால் கோளாறு வரும்போது அதன் விவரங்களைப் பதிவு செய்ய முடியாமல் போகலாம் என்று ஏதோ சொன்னது. எனக்கு எதற்குக் கோளாறு வரப்போகிறது? எஸ். பிறகு டி-யைத் தொட்டு, ‘சிஸ்டமே அளவைப் பார்த்துக்கொள்ளட்டும்’ என்பதற்கு நேரே புள்ளி வைத்து, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்தேன். சி-யில் 9 ஜிபி காலி. வெற்றி.

ருசி கண்ட பூனை ஆயிற்றே. அதே சூட்டில் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனுக்குப் போய், ரீஸ்டோர் பாயிண்டுகளுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை, அந்த நகர்த்தும் பட்டையைப் பிடித்து இழுத்து, ஒரு சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஜிபி சொச்சம். பழைய ரீஸ்டோர் பாயிண்டுகள் அந்த நிமிடமே காணாமல் போயின. எனக்கு எதற்குப் பழசு?

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. இதுதான் இந்த விஷயத்தில் மோசமானது. உடனே உடைந்திருந்தால் காரணம் புரிந்திருக்கும்.

நான்காவது வாரம் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். பாட்டியின் கல்யாணப் படம், ஓரம் கிழிந்தது, அதைப் பெரிய அளவில் ஸ்கேன் செய்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பிரவுசர், அதில் எத்தனை டேப் என்று கேட்காதீர்கள். திடீரென்று ‘மெமரி குறைவாக இருக்கிறது, புரோகிராம்களை மூடுங்கள்’ என்று ஒரு பெட்டி. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 8-இல் 5.6 ஜிபிதான் செலவாகியிருக்கிறது. இரண்டு ஜிபிக்கு மேல் காலியாக இருக்கும்போது என்ன குறைவு என்று அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டே மூடினேன். இரண்டு நிமிடத்தில் படம் திருத்தும் புரோகிராம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறைந்தது. சேவ் செய்யாத வேலை, பாட்டியோடு சேர்ந்து.

அது ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே, கொஞ்சம் கீழே, ‘கமிட்டட்’ என்று இரண்டு எண் இருக்கும். என்னுடையதில் 7.7/7.8. ஒரு புரோகிராம் ‘எனக்கு இவ்வளவு மெமரி வேண்டும்’ என்று கேட்டால், அது உடனே பயன்படுத்தாவிட்டாலும் விண்டோஸ் அதற்கு வாக்குக் கொடுத்துவிடுகிறது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார், ஆனால் இடம் போய்விட்டது. கொடுக்கக்கூடிய மொத்த வாக்கு எவ்வளவு? ராமும் பேஜ் ஃபைல்களும் சேர்ந்த அளவு. அதைத் தாண்டி விண்டோஸ் வாக்குக் கொடுக்காது. பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் ராம் மட்டுமே எல்லை. அப்போது சீட்டு காலியாகத் தெரியும், உட்கார முடியாது. அதோடு, காலையில் திறந்துவிட்டு மறந்துபோன புரோகிராமின் பக்கங்களை (மெமரித் துண்டுகளை) வெளியே தள்ளவும் இடம் கிடையாது. அவையும் ராமிலேயே குந்தியிருக்கும்.

ஆக, ராம் தீர்ந்த பிறகு மட்டும் தேவைப்படும் ஸ்டெப்னி என்று பேஜ் ஃபைலை நினைத்தது என் முதல் தவறு. இந்த ஏற்பாடு நேற்று வந்ததும் இல்லை. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே, சின்ன முதன்மை நினைவகத்தையும் சுழலும் காந்த டிரம்மையும் (அந்தக் காலத்து டிஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒன்றாகச் சேர்த்து, புரோகிராமுக்கு ஒரே பெரிய நினைவகமாகக் காட்டினார்கள். அறுபது வருடமாக எல்லோரும் முட்டாளாக இருந்திருக்க மாட்டார்கள் என்று அந்த ராத்திரி எனக்குத் தோன்றவில்லை.

சரி, இத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. புரோகிராம் மறைந்ததற்குக் கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம் என்று நானே ஒரு தீர்ப்பு எழுதி, புது டிரைவரை ஏற்றினேன். அன்று சாயங்காலமே ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டும் வந்து உட்கார்ந்தது. மறுநாள் நீலத் திரை. ரீஸ்டார்ட், மறுபடியும் நீலத் திரை.

அக்கா மகனுக்கு போன் செய்தேன். கணினி வேலையில் இருப்பவன்.

“மாமா, சிஸ்டம் ரீஸ்டோர்ல என்ன தேதி காட்டுது?”

ஒரே ஒரு தேதிதான் இருந்தது. டிரைவர் ஏற்றிய பிறகு வந்தது. டிரைவர் ஏறுவதற்கு முன் விண்டோஸ் ஒரு பாயிண்ட் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது நான் கொடுத்த ஒரு ஜிபியில் தங்கவில்லை. விஸ்டா காலத்திலிருந்து ரீஸ்டோர் பாயிண்ட் என்பது டிரைவின் நிழல் நகல். டிரைவில் ஒரு துண்டு மாறப்போகும்போது, அதன் பழைய வடிவத்தை எடுத்து ஒதுக்கிய இடத்தில் வைத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வந்தால் நிறையத் துண்டுகள் மாறும், ஒதுக்கிய இடம் நிரம்பும், பழைய பாயிண்ட் முதலில் கழித்துக்கட்டப்படும்.

“சரி, டம்ப் ஃபைல் இருக்கும்ல, அதை அனுப்புங்க, எது காரணம்னு பார்த்துடலாம்.”

கோளாறின் விவரங்கள் பதிவாகும் அந்த டம்ப் ஃபைலும் இல்லை. நீலத் திரை வரும் நேரத்தில் விண்டோஸ் அந்த விவரங்களை முதலில் சி-யில் உள்ள பேஜ் ஃபைலில்தான் எழுதும். அதைத்தான் அந்த எச்சரிக்கைப் பெட்டி அன்றைக்குச் சொன்னது. நான் எஸ் என்றேன்.

“பேஜ் ஃபைலை டி-க்கு மாத்திட்டேன்டா,” என்றேன்.

சேஃப் மோடில் திறந்து, அவன் சொல்லச் சொல்ல அந்தக் கதவுகளையெல்லாம் மறுபடி தாண்டி, அந்தப் பெட்டிக்குப் போனேன். சி: இல்லை. டி: இல்லை.

“மாமா, டி-க்கு ‘செட்’ அழுத்தினீங்களா?”

“ஓகே அழுத்தினேன்.”

“ஓகே இல்ல மாமா, செட். ஒவ்வொரு டிரைவுக்கும் செட் அழுத்தினாத்தான் ஏத்துக்கும்.”

நான்கு வாரம் என் கணினியில் பேஜ் ஃபைலே இல்லை. கடைசியில் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன்தான் காப்பாற்றியது. பாட்டி படத்தை மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்தேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டி, அதே டிஸ்கின் இன்னொரு பகுதியா, தனி டிஸ்கா என்று நீங்கள் சொல்லவில்லை. ஒரே டிஸ்கின் பகுதி என்றால், மாற்றுவதில் சி-யில் இடம் மிஞ்சுமே தவிர வேகம் கூடாது. சுழலும் டிஸ்காக இருந்தால் முள் அங்கும் இங்கும் ஓடி இன்னும் மெதுவாகலாம். தனி டிஸ்க் என்றால் மாற்றலாம், ஆனால் சி-யில் ஒன்றிரண்டு ஜிபிக்காவது ஒரு சின்ன பேஜ் ஃபைலை விட்டுவைத்துவிட்டு மாற்றுங்கள். அப்புறம், தயவுசெய்து, செட்.

ராமின் ஒன்றரை மடங்கு என்று ஒரு பழைய சூத்திரத்தை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். ராம் குறைவாக இருந்த காலத்துச் சமாசாரம். கமிட்டட் எண் உங்கள் வழக்கமான வேலையில் எதுவரை ஏறுகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இல்லையென்றால் விண்டோஸிடமே விட்டுவிடுங்கள். அது ராமின் மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, எது பெரிதோ அதுவரை வளர விடும், ஆனால் டிரைவின் எட்டில் ஒரு பங்கைத் தாண்ட விடாது. பேஜ் ஃபைலால் எஸ்எஸ்டி தேய்ந்துபோகும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒன்று: விண்டோஸ் 7 வந்த 2009-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கணக்கில், பேஜ் ஃபைலில் ஒரு முறை எழுதினால் ஏறக்குறைய நாற்பது முறை படிக்கப்படுகிறது. தேய்வது எழுதுவதால், படிப்பதற்கு எஸ்எஸ்டியை விட நல்ல இடம் கிடையாது.

இடம்தான் வேண்டும் என்றால் ஹைபர்ஃபில்.சிஸ் மேல் கை வையுங்கள். பொதுவாக ராமில் 40 சதவீதம், 8 ஜிபிக்கு 3.2 ஜிபி. ஹைபர்னேட்டை அணைத்தால் அந்த ஃபைல் தானாகவே போய்விடும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே போகும், எஸ்எஸ்டியில் அது பெரிய இழப்பில்லை. லேப்டாப் என்றால் மட்டும் யோசியுங்கள். டிஸ்க் கிளீனப்பில் பழைய அப்டேட் மிச்சங்களையும் விண்டோஸ்.ஓல்டையும் (முந்தைய விண்டோஸை எடுத்து வைத்திருக்கும் ஃபோல்டர்) எடுத்துவிடுங்கள். எனக்கு இந்த இரண்டிலேயே அந்த 9 ஜிபியை விட அதிகம் கிடைத்தது. முதலிலேயே செய்திருக்கலாம்.

ரீஸ்டோருக்குச் சி-யில் ஐந்து சதவீதமாவது கொடுங்கள். படமும் பாட்டும் மட்டும் இருக்கும் டிரைவுக்கு அது தேவையில்லை, அங்கே அணைத்துவிடுங்கள். அதை பேக்கப் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அழிந்த போட்டோவை அது திருப்பித் தராது, டிஸ்க் செத்தால் அதிலிருக்கும் பாயிண்டும் சாகும்.

‘ரெக்கவரி’ டிரைவைத் தொடாதீர்கள். பேஜ் ஃபைலையோ உங்கள் ஃபைல்களையோ அங்கே வைக்காதீர்கள். அது நிரம்பியே இருப்பதுதான் அதன் இயல்பு. 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், சி, டி மாதிரி எழுத்தில்லாமல் ஒளிந்திருக்கும் மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியில்லாத கணினிகளில் ஏறவே மறுத்தது. மீட்புக்கு விட்ட இடத்தைப் பிடுங்கினால் எந்த ரூபத்தில் திரும்பி வரும் என்று சொல்லவே முடியாது.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய வயிற்றெரிச்சல் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதற்கு முந்தைய லேப்டாப்பை ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். புகார், கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை என்பது. திரும்பி வந்தபோது டிஸ்க் முழுக்க ஃபார்மட் ஆகியிருந்தது, தயாரித்தவர்கள் வைத்திருந்த ரெக்கவரி பகுதி உட்பட. “கிளீனா போட்டுட்டோம் சார், இனி ஃபாஸ்ட்டா இருக்கும்” என்றார் அந்தப் பையன், பெருமையாக. கேட்டீர்களா என்றால், எல்லோருக்கும் செய்வதுதானே என்றார். எழுத்து இரண்டில் ஒன்று அப்புறமும் வேலை செய்யவில்லை.

அக்கா மகன் இப்போதும் விடுவதில்லை. போன மாதம் வாட்டர் ஹீட்டருக்கு டைமர் வைத்தேன், வெந்நீரே வரவில்லை என்று சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டான்: “மாமா, செட் அழுத்தினீங்களா?”