இனி கவுன்சிலர் எதற்கு?

கேள்வி: தெருப் பள்ளத்துக்காக கவுன்சிலரிடம் மூன்று மாதம் நடந்தேன். எக்ஸ் தளத்தில் படம் போட்டதும் மூன்றே நாளில் ஜல்லி கொட்டி மூடிவிட்டார்கள். இனி கவுன்சிலர் எதற்கு?
— ஒரு வாசகி, அம்பத்தூர்

பதில்: அடுத்த மழைக்கு அதே பள்ளத்தைப் படமெடுக்க போனில் சார்ஜ் வைத்திருங்கள். சாலை மாநகராட்சியுடையது, அடியில் ஓடும் குழாய் குடிநீர் வாரியத்துடையது. குழாய் கசிந்தால் மண் இளகும், மேலே கொட்டிய ஜல்லி உள்ளே இறங்கும். இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ய மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர் எல்லாம் வேண்டும். மாநகராட்சியின் மாமன்றத்தில் பட்ஜெட்டுக்குக் கை தூக்கும் 200 பேரில் உங்கள் கவுன்சிலர் ஒருவர். லைக் போட்டவர்கள் யாரும் அங்கே இல்லை.

பக்கத்துத் தெருவில் எக்ஸ் கணக்கே இல்லாதவர்கள் இருப்பார்கள். அவர்களிடமும் ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் கவுன்சிலர்தான்.

2017 மெரினாவை நினைவூட்டுவீர்கள். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் திரண்ட கூட்டம் ஒரு வாரத்தில் ஜல்லிக்கட்டுக்குச் சட்டமே வாங்கியது, நிஜம். ஆனால் ஜனவரி 23 மாலை சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறுமுன், காலையிலேயே போலீஸ் கலைக்கத் தொடங்கிவிட்டது. அத்தனை பேர் சார்பிலும் 'சரி, போதும்' என்று சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

பதிவு போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. முதலில் மாநகராட்சியின் உதவி எண் 1913-ல் புகார் செய்து புகார் எண் வாங்குங்கள். அந்தப் புகார் எண், வார்டு எண், தெருவிளக்குக் கம்பத்தின் எண் தெரியும் படம், மூன்றும் பதிவில் இருக்கட்டும். முதல்வர், மேயர், நடிகர் என்று ஆறு பேரை டேக் செய்தால் ஆளுக்கு ஆள் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிடுவார்கள்.

'புகார் முடிக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்தால் நம்பிவிடாதீர்கள். வேறு துறைக்குத் தள்ளிவிட்டும் முடிப்பார்கள். அப்போது தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால், விளக்கம் தகவலில் சேராது என்று திருப்பிவிடுவார்கள். 'இந்த எண் கொண்ட புகார் மீது எடுத்த நடவடிக்கைக் குறிப்பின் நகல்' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.

நகல் கைக்கு வந்ததும், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் எழுதவையுங்கள். இன்னொரு நகலை அந்தக் கவுன்சிலரிடமே கொடுத்து, மாமன்றக் கேள்வி நேரத்தில் எழுப்பச் சொல்லுங்கள். எழுப்பவில்லையா? அதைப் படத்தோடு பதிவு போடுங்கள்.