மலர்க் கண்காட்சியில் பிள்ளை கடித்துவிட்டான் என்று எழுதியவருக்கு

ஊட்டி மலர்க் கண்காட்சி நெரிசலில் உங்கள் 6 வயது மகன் இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டான், சொந்தக்காரர்கள் வளர்ப்பைக் குறை சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். மனசு கனத்துவிட்டது. மே மாதத் தாவரவியல் பூங்காவில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். கூட்டமும் இரைச்சலும் சேர்ந்தால் சில பிள்ளைகளுக்குத் தாங்காது, அந்த வேகத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி 20 வயது தாண்டித்தான் முழுசாக முதிரும், அவனுக்கோ இப்போதுதான் 6. அங்கேயே அதட்டாதீர்கள், காதில் ஏறாது. தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். என் மகளுக்குக் குன்னூர் மார்க்கெட்டில் இப்படித்தான் ஆகும்; இப்போது கடை திறந்ததுமே போய் அரை மணியில் திரும்பிவிடுகிறோம், கேரட் பையை அவளே சுமப்பாள், கையில் கனம் இருந்தால் அவளுக்கு நிதானம் வருகிறது. அப்புறம், பள்ளியிலும் வீட்டிலும் 6 மாதமாக இதே நிலை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.