வணிகச் சின்னம் என்றால் என்ன? வாசனையையும் பதிய முடியுமா?

ஒருவருடைய சரக்கை மற்றவருடையதிலிருந்து பிரித்தறிய உதவும் பெயர், படம் போன்ற அடையாளமே வணிகச் சின்னம். ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் வாளிகள் வரிசையாக நிற்கும்போது, எது யாருடையது என்பதை வாளியில் சாயத்தால் எழுதிய எண் சொல்வதுபோல, வாங்குபவர் ஏமாறாதிருக்கவே சட்டம் இதைக் காக்கிறது.

மலேசியாவில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 டிசம்பர் 27 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நிறம், ஒலி, வாசனை ஆகியவற்றையும் பதிய இடமளிக்கிறது. ஆயினும் அவற்றை வரைந்தோ எழுதியோ காட்டியாக வேண்டும் (மல்லிகை மணத்தை எப்படி எழுதுவது என்பது தனித் தலைவலி). பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம்.

சுங்கை சிப்புட்டில் முறுக்குக் கடை வைத்திருப்பவர், கடைப் பெயரை எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில்) பதிந்ததாலேயே அது தமக்கு மட்டும் உரியது என்று கருதுவது தவறு: அது தொழில் நடத்துவதற்கான பதிவு மட்டுமே, சின்னத்தை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் தனியாகப் பதிய வேண்டும்.