பென்சில்வேனியா இன்ஜினுக்கு என்ன நிறம்?

கேள்வி: அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் ஒரு ஜங்ஷனை, 1940களில் இருந்தபடி அக்ரிலிக்கில் வரைகிறேன். கையில் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் இருக்கின்றன. நிறத்தை எப்படி முடிவு செய்வது? இன்ஜின் வேறு பொம்மை மாதிரி தெரிகிறது.

பதில்: முதலில் கறுப்பு ட்யூபை ஓரமாக வையுங்கள். அந்த நிறுவனத்தின் நீராவி இன்ஜின்களுக்கு அடித்தது கறுப்பை ஒட்டிய கரும்பச்சை. கரி படிந்த உடம்பு நிழலில் கறுப்பாகவே தெரியும். வெயில் விழும் விளிம்பில்தான் பச்சை எட்டிப்பார்க்கும். பயணிகள் பெட்டிகள் 'டஸ்கன் ரெட்', அதாவது பழுப்பு கலந்த சிவப்பு. சந்தேகம் இருந்தால் பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க் ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கும் 3750 எண் கே4 வகை நீராவி இன்ஜினின் வண்ணப் படங்களைப் பாருங்கள்.

பழைய படத்தின் கருமையை அப்படியே நம்பாதீர்கள். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிம் வகைக்குச் சிவப்பு தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்புப் பெட்டி இன்னும் கறுத்துவிடும், நீல வானம் வெளுத்துப்போகும். பழைமை தெரியட்டும் என்று படம் முழுக்கப் பழுப்புச் சாயம் ஏற்றுவதும் வேண்டாம். அந்த நாளில் அங்கே நின்றவர்கள் பளிச்சென்ற வானத்தைத்தான் பார்த்தார்கள்.

பொம்மைப் பிரச்சினைக்குத் தண்டவாளமே அளவுகோல். இரு தண்டவாளங்களுக்கு இடைவெளி 1,435 மி.மீ.; நிற்கிறவரின் கண் உயரம் ஏறக்குறைய 1.6 மீட்டர். ஆகவே பார்ப்பவரும் பாதையும் ஒரே மட்டத்தில் இருந்தால், உங்களை விட்டு நேராக விலகிச் செல்லும் பாதையில் எந்த இடத்திலும் தண்டவாளத்திலிருந்து தொடுவானக் கோட்டின் (படத்தில் உங்கள் கண்மட்டக் கோடு) உயரம் அந்த இடத்து இடைவெளியைவிடச் சற்றே அதிகம். இன்ஜினின் உயரம் அந்த இடைவெளியைப் போல மூன்று மடங்கு. அதன் தலை தொடுவானக் கோட்டைத் தாண்டி நன்றாக மேலே போகவேண்டும். பெரும்பாலும் தவறு இங்கேதான். குறுக்கே வெட்டும் பாதைக்கு மறையும் புள்ளி (தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியும் இடம்) வேறு, தொடுவானக் கோடு அதேதான்.

அப்புறம் சிக்னல். சிவப்பு, பச்சை விளக்கு போட்டுவிடாதீர்கள். அங்கே வட்டப் பலகையில் வரிசையாக மஞ்சள் விளக்குகள்: செங்குத்தாக எரிந்தால் போகலாம், படுக்கையாக எரிந்தால் நிற்கவேண்டும். பழைய ரயில்காரர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தண்டவாளத்தின் மேல்முகத்தைக் கடைசியில், வானத்துக்குக் கலந்த அதே நிறத்தால் தீட்டுங்கள். ரயில் அதிகம் போகாத கிளைப்பாதைக்கு அந்தப் பளபளப்பு கூடாது. அங்கே துரு மட்டும் போதும்.