நெற்றியில் மட்டும் திடீரென்று பொடிப் பருக்கள்: எதைப் போடுவது?

கன்னமும் தாடையும் சுத்தமாக இருக்க, நெற்றியில் மட்டும் பத்தே நாளில் பொடிப்பொடியாகக் கிளம்பியிருக்கிறது, என்ன போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போடுவதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: அரிக்கிறதா?

ஜன்னலோரம் நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கண்ணாடியில் பாருங்கள். ஒன்று பொடி, ஒன்று கொஞ்சம் பெரிது, பல தோல் நிறத்திலேயே இருக்கின்றன, நடுநடுவே கரும்புள்ளி, விரலால் தடவினால் சொரசொரப்பு, ஆனால் அரிப்பில்லை என்றால் அது துளை அடைப்பால் வரும் சாதாரணப் பரு. எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவில், 1 முதல் 2 மி.மீ. இருந்து, முடியோரம் நெருக்கமாகக் கூடி, வியர்த்தால் நமநமவென்று அரித்தால், மலசீசியா என்ற பூஞ்சையைச் சந்தேகப்படுங்கள். மார்பிலும் மேல் முதுகிலும் இதே மாதிரி இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஊசிமுனை அளவு நீர்த்துளி போல இருந்தால் வேர்க்குரு. உடம்பு குளிர்ச்சியாக இருந்தால் சில நாளில் தானே அடங்கிவிடும்.

இதைப் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒன்றின் மருந்து மற்றதைக் கிளறிவிடும். பூஞ்சைப் பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால், தோலில் இருக்கும் பாக்டீரியா குறைந்து பூஞ்சைக்கு இடம் தாராளமாகிவிடும். வேறு எதற்கோ ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு நெற்றியில் பொரிந்ததென்றால், அதுவே ஒரு தடயம்.

முதலில் சாதாரணப் பரு. எண்ணெயும் செத்த செல்களும் துளைக்குள் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே நேற்றுச் சாப்பிட்டதைத் திட்ட வேண்டாம். கடந்த ஓரிரு மாதத்தில் எதை மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். புதுத் தலை எண்ணெய், கண்டிஷனர், ஹேர் ஜெல், இறுக்கமான தொப்பி, ஹெல்மெட், நெற்றியில் விழும்படி முடிவெட்டு என்று நெற்றிப் பருவுக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு விரற்கடை மேலே, தலையில்தான் இருக்கும். கண்டிஷனரை அலசும்போது தலையைப் பின்னால் சாய்த்து அலசி, முகத்தைக் கடைசியாகக் கழுவுங்கள். இந்த வரிசையை மாற்றினாலே பாதிப் பேருக்குக் குறையும் என்பது என் கணிப்பு.

மருந்தென்றால் அடாபலீன் 0.1% ஜெல். முழு முகத்துக்கே ஒரு பட்டாணி அளவுதான். நெற்றிக்கு அதில் பாதி. இரவில் மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு (கால் மணி நேரம் விடுங்கள்) நெற்றி முழுக்க மெல்லிசாகப் பூசுங்கள். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது அடுத்து வரவிருக்கும் அடைப்பைத் தடுக்கும் மருந்து. இன்று நல்லாயிருக்கும் இடத்திலும் பட வேண்டும். முதல் இரண்டு வாரம் மூன்று நாளுக்கு ஒருமுறை, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், தோல் தாங்கினால் தினமும். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் ஜெல். தொடக்கத்தில் பரு கூடினாலும் பதறாதீர்கள், முழுப்பலன் தெரிய 12 வாரம் ஆகும். காலையில் சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் அடாபலீனைத் தொட வேண்டாம்.

சிவந்து சீழ் வைத்தவையும் கலந்திருந்தால் காலையில் பென்சாயில் பெராக்சைடு 2.5% சேர்க்கலாம். 10 சதவீதம் வாங்கினால் பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். துண்டு, தலையணை உறை எல்லாம் வெளுத்துப்போகும், பழையதாக எடுத்து வையுங்கள்.

பூஞ்சைப் பருவுக்குக் கீட்டோகோனசோல் 2% ஷாம்பு. கண்ணை மூடிக்கொண்டு ஈர நெற்றியில் நுரைக்கத் தேய்த்து, 5 நிமிடம் வைத்துக் கழுவுங்கள். வாரம் மூன்று முறை, நான்கு வாரம். பொடுகிருந்தால் தலைக்கும் அதையே போடுங்கள், இதிலும் மலசீசியாவுக்குப் பங்குண்டு. தனக்கு வேண்டிய கொழுப்பை அந்தப் பூஞ்சையால் செய்துகொள்ள முடியாது, தோலில் கிடைக்கும் எண்ணெயை நம்பித்தான் வாழ்கிறது. அதனால் நெற்றியில் வழியும் எண்ணெயும் பிசுபிசுப்பான கிரீமும் அதற்கு விருந்து. நான்கு வாரத்தில் அடங்காவிட்டால் மாத்திரை தேவைப்படலாம், அது மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றும் வேண்டாம், தோல் வெந்து கறுத்துப்போகும். ஸ்கரப் போட்டுத் தேய்ப்பதும் நகத்தால் கிள்ளுவதும் பொடிப் பருவைப் பெரிய பருவாக்கும் வேலை. இவற்றைவிட மோசமானது, நிறம் கூட்ட என்று யாரோ சொன்ன, பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த கிரீம். முதல் வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு அதுவே ஒரே அளவுப் பருக்களைக் கிளப்பும். பல வாரமாகப் போட்டு வந்தவர்கள் எப்படி நிறுத்துவது என்று தோல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். சட்டென்று விட்டால் முகம் சிவந்து எரியும்.

இன்னொன்று. நெற்றியில் ஒரு பக்கம் மட்டும், நடுக்கோட்டைத் தாண்டாமல், எரிச்சலும் குத்தல் வலியுமாகக் கொப்புளங்கள் கொத்தாக வந்தால் அது பருவே இல்லை, வைரஸால் வரும் அக்கியாக இருக்கலாம். மூக்கு நுனியிலும் கொப்புளம் தெரிந்தால் கண்ணுக்கும் ஆபத்து. வைரஸ் எதிர்ப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பதால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.