வாரம் முக்கால் மணி நேரம்தான் இருக்கு: கார் டீடெய்லிங் கேள்வி பதில்

கேள்வி (வேளச்சேரி, நாலு வருட ஸ்விஃப்ட்): சார், முழு டீடெய்லிங்குக்கு ஒரு நாள் ஆகும்ங்கிறாங்க. எனக்கு ஞாயிறு காலைல முக்கால் மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு வாரம் வாட்டர் வாஷ், அடுத்த வாரம் கிளே, அப்புறம் பாலிஷ், கடைசி வாரம் வாக்ஸ்னு பிரிச்சுக்கலாமா?

பதில்: அப்படிப் பிரித்தால் கை வலிதான் மிஞ்சும். கிளே (அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்க்கும்போது பெயின்டில் ஒட்டிய அழுக்கோடு பழைய வாக்ஸும் போய்விடும். அந்த வெற்று பெயின்ட் ஒரு வாரம் வெயிலிலும் தூசியிலும் நின்றால், பாலிஷ் போட வரும்போது மறுபடி வாஷ் செய்ய வேண்டும். பறவை எச்சம் விழுந்திருந்தால் நேரே பெயின்டில் இறங்கியிருக்கும்.

வேலையைப் பிரிக்காதீர்கள், வண்டியைப் பிரியுங்கள். முதல் ஞாயிறு பானட் மட்டும். வாஷ், கிளே, பாலிஷ், வாக்ஸ் நான்கையும் அன்றே முடித்துவிட வேண்டும். அடுத்த வாரம் கூரை, அதற்கடுத்து டிக்கி. வெயிலும் எச்சமும் நேராக விழுவது இந்த மூன்றில்தான், அதனால் முதலில் இவை. பிறகு இடப்பக்கம் இரண்டு வாரம், வலப்பக்கம் இரண்டு வாரம், பம்பர்கள் கடைசி. எட்டு வாரத்தில் வண்டி முழுக்க முடிந்துவிடும். நடுவில் இரண்டு வாரம் தவறினாலும் முடித்த பாகம் முடித்ததாகவே இருக்கும்.

பானட்டுக்குக் கணக்கு: வாஷ் செய்து துடைக்க 10 நிமிடம், கிளே 10, கையால் பாலிஷ் 15, வாக்ஸ் தடவ 5, துடைத்தெடுக்க 5. நிழலில் நிறுத்தி, பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். சூட்டில் ஷாம்பு காய்ந்து கறையாகும், பாலிஷ் பொடியாகும்.

கேள்வி (அதே நபர்): கிளே தேவையான்னு எப்படித் தெரியும்? எப்படித் தேய்க்கணும்?

பதில்: வாஷ் செய்து துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்டின் மேல் விரல் நுனியால் லேசாகத் தடவுங்கள். வெறுங்கையில் வழவழ என்றிருந்த இடம் பைக்குள் இருந்து மணல்தாள் போலச் சொரசொரக்கும். அதுதான் பிரேக் தூசி, ரயில்பாதை இரும்புத்தூள், மரப்பிசின் எல்லாம். சொரசொரப்பு இல்லாவிட்டால் கிளேயை விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் மிச்சம்.

100 கிராம் கட்டியை நான்காக வெட்டி ஒரு துண்டை மட்டும் எடுத்து, உள்ளங்கையில் பிசைந்து தட்டையாக்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் ஷாம்பு கலந்த தண்ணீரை நன்றாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் கரகரவென்று இழுக்கும், பிறகு சத்தமே இல்லாமல் வழுக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. கட்டியை மடித்துச் சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போகலாம். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பையில் போடுங்கள், கழுவினாலும் மணல் போகாது.

கேள்வி (பள்ளிக்கரணை அபார்ட்மென்ட்): எங்க அசோசியேஷன்ல ஹோஸ் போடக்கூடாதுன்னுட்டாங்க. ஒரு வாளி தண்ணிதான்.

பதில்: தாராளமாகப் போதும். ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் (துடைத்த பின் தண்ணீர் ஊற்றி அலச வேண்டாதது) வாங்குங்கள். பாட்டிலில் 1:256 என்று போட்டிருந்தால் 10 லிட்டர் வாளிக்கு 40 மில்லி. கூடுதலாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். ஆறேழு மைக்ரோஃபைபர் துணிகளை வாளியில் ஊறப்போடுங்கள். ஒரு துணியை எடுத்து எட்டாக மடித்து, ஒரு பாகத்துக்கு ஒரு முகம் என்று துடைத்துக்கொண்டே போக வேண்டும். துடைத்த துணியைத் திரும்ப வாளியில் முக்கவே கூடாது. பின்னாலேயே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். சேறு அப்பியிருக்கும் நாளில் மட்டும் இது வேண்டாம், அன்று தண்ணீர் அடித்துத்தான் ஆக வேண்டும்.

கேள்வி (அண்ணா நகர், கறுப்பு ஐ20): தினமும் காலைல ஒரு அண்ணன் வந்து துடைச்சுட்டுப் போறார். ஆனாலும் வெயில்ல பார்த்தா சிலந்தி வலை மாதிரி கீறல். ஏன் சார்?

பதில்: தினமும் துடைப்பதால்தான். அவர்மேல் குற்றமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பத்து வண்டி துடைக்கச் சொன்னால் யார் துடைத்தாலும் இதுதான் நடக்கும். முதல் வண்டியின் மணல் துணியில் ஏறி அடுத்த வண்டியைக் கீறும். அவரிடம் கண்ணாடியும் உள்பக்கமும் மட்டும் துடைக்கச் சொல்லி, அதே மாதச் சம்பளத்தைக் கொடுங்கள். தூசி படிந்த கார் கெடாது, காய்ந்த தூசியைத் துடைத்த கார் கெடும்.

இருக்கிற கீறலுக்குக் கையால் போடும் பாலிஷ் பளபளப்பு தரும், கீறலை எடுக்காது. டிஏ பாலிஷர் (டூயல் ஆக்‌ஷன், அதாவது சுழன்றபடியே ஆடும் பாலிஷ் மிஷின்) வேண்டும். வண்டி நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெலிசு. அதனால் முதலில் மென்மையான பேடும் (மிஷினில் மாட்டும் ஸ்பாஞ்சு வட்டு) மிக மென்மையான ஃபினிஷிங் பாலிஷும் போட்டு ஓரடி இடத்தில் சோதித்துப் பாருங்கள், போதவில்லையென்றால் மட்டும் கடினமானதற்குப் போகலாம். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு, இரண்டடிச் சதுரம், குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை. பானட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் இன்னும் மெலிசாக இருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். முடித்ததும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்தால்தான் உண்மை தெரியும். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும்.

மிஷினில் முக்கால் மணிக்குப் பாதி பானட்தான் முடியும். நடுவில் ஓடும் மடிப்புக் கோட்டில் நிறுத்தி, அந்தப் பாதிக்கு வாக்ஸ் போட்டுவிடுங்கள்.

கேள்வி (தாம்பரம்): போர் தண்ணி. கழுவினதும் வெள்ளைப் புள்ளி. இப்போ ஆர்ஓ மிஷின் வெளியே விடுற தண்ணில கழுவறேன், இன்னும் மோசமா இருக்கு.

பதில்: உடனே நிறுத்துங்கள். ஆர்ஓ மிஷின் குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தான் இருக்கிறது, போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. போர் தண்ணீரில் கழுவி, கடைசியாக இதை இரண்டு மக் ஊற்றித் துடையுங்கள்.

இருக்கிற புள்ளிக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றி வைத்துக் கழுவுங்கள். அதற்கும் போகாத புள்ளி பெயின்டைக் குழித்துவிட்டது, அதற்குப் பாலிஷ்தான். வினிகர் வாக்ஸையும் எடுக்கும், அன்றே திரும்ப வாக்ஸ் தடவ வேண்டும்.

கேள்வி (சேலம்): தார் ஒட்டினா மண்ணெண்ணெய் போடலாமா?

பதில்: போடலாம். துணியில் தொட்டு அரை நிமிடம் வைத்து, தேய்க்காமல் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): மழைக்காலத்துல கார் உள்ளே முடைநாத்தம். உள்பக்கத்தையும் இப்படிப் பிரிச்சுச் செய்யலாமா அண்ணா?

பதில்: உள்பக்கம் இன்னும் சுலபம், ஒரு ஞாயிறுக்கு ஒரு சீட்டும் அதன் கீழ்த்தரையும். முதலில் வேக்குவம், பிறகுதான் ஈரம். ஈரத்தை முதலில் கொண்டுவந்தால் மண் சேறாகிக் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, பிரஷ்ஷில் தெளித்துத் தேயுங்கள், சீட்டில் நேராகத் தெளிக்காதீர்கள். ஸ்பாஞ்சு வரை நனைந்தால் காயாது, நாற்றம் கூடும்.

அதற்கு முன் இடப்பக்க முன்சீட்டுக்கு முன்னால் விரித்த மிதியடியைத் தூக்கிக் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம், அதைச் சரிசெய்யாமல் எதைத் தேய்த்தும் பயனில்லை. வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், உள்ளே ஈரமாக இருக்கும் ஏசி குளிர்க்குழாய்ச் சுருள் (coil) காய்ந்துவிடும்.

கேள்வி (வேளச்சேரி, ஸ்விஃப்ட்): சார், பானட் முடிச்சேன், சூப்பர். இன்னைக்குக் கூரைக்குக் கிளே போட்டதும் மழை பிடிச்சுக்கிச்சு. மறுபடி கிளே போடணுமா?

பதில்: வேண்டாம். மழை விட்டதும் கூரையைத் துடைத்துக் காயவைத்து, ஸ்ப்ரே வாக்ஸ் இரண்டு முறை அடித்துத் துணியால் பரப்பிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. அடுத்த ஞாயிறு ஷாம்பு வாஷ் செய்து நேரே பாலிஷில் ஆரம்பியுங்கள். அந்த மெல்லிய வாக்ஸ் பாலிஷிலேயே போய்விடும். ஆடி முடிந்து மழைக்காலம் தொடங்கும்போது அந்த ஸ்ப்ரே பாட்டில் டிக்கியிலேயே இருக்கட்டும்.