வழுக்கலும் கவிழ்தலும்: பெங்களூரு லாரி ஓட்டுநர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

தண்ணீர் விட்ட தளத்தில் லாரியை வழுக்கவிட்டுப் பழக்குவது, முழுசாகச் சாயாமல் தடுக்கும் பக்கத்தாங்கிகள் கட்டிய டிரெய்லரில் கவிழும் எல்லையைக் காட்டுவது: இந்த இரண்டு பயிற்சிகளைப் பற்றியும் கேளுங்கள். பெர்மிட், இன்சூரன்ஸ் விவகாரங்களுக்கு நான் ஆள் இல்லை.

பீன்யா, பத்துச் சக்கர லாரி ஓட்டுபவர்: சார், அந்தத் தளத்துல அப்படி என்னதான் செய்யச் சொல்வாங்க?

வழவழப்பான பூச்சுள்ள தளத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த தார் ரோட்டில் பிடிமானம் 0.7 என்றால் அங்கே 0.2 அளவுதான். 30 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், கணக்குப்படி காய்ந்த ரோட்டில் 5 மீட்டரில் நிற்கும் வண்டி அங்கே 18 மீட்டர் போகும். குறைந்த வேகத்திலேயே வழுக்கலைக் காட்டிவிடலாம் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு.

முதலில் நேர்கோட்டில் பிரேக். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) இயங்கும்போது ஒருமுறை, அதை நிறுத்திவிட்டு ஒருமுறை. அடுத்து, பிரேக்கை மிதித்தபடியே கூம்புகளைச் சுற்றித் திருப்புவது. கடைசியில் டிரெய்லரோடு வளைவு. ஏபிஎஸ் இல்லாதபோது எந்தச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டது என்பதை உடம்பால் உணர வேண்டும். முன்சக்கரம் பூட்டினால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகும். ஹார்ஸின் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியின்) பின்சக்கரம் பூட்டினால் ஹார்ஸ் டிரெய்லர் பக்கமாக மடங்கும். டிரெய்லர் சக்கரம் பூட்டினால் டிரெய்லர் பக்கவாட்டில் வீசும்.

மூன்றுக்கும் முதல் வேலை ஒன்றே: பிரேக்கிலிருந்து காலை எடுங்கள், கிளட்சை மிதியுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டிருந்தால் அதையும் விடுங்கள். மழையில் காலி வண்டிக்கு அது மட்டுமே பின்சக்கரத்தை வழுக்கவிடப் போதும். போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகத் தொடங்கியதுமே ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள். தாமதித்தால் மறுபக்கம் வீசும், அந்த இரண்டாம் வீச்சு முதலாவதைவிட மோசமானது.

பொம்மசந்திரா: ஏபிஎஸ் வண்டியில பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கணுமா?

கூடாது. முழுசாக மிதித்து அப்படியே வைத்திருங்கள். டிரெய்லருக்குப் போகும் ஏபிஎஸ் கேபிள் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள். செருகாவிட்டால் டிரெய்லரில் ஏபிஎஸ் இல்லாத மாதிரிதான்.

தேவனகொந்தி, டேங்கர் ஓட்டுநர்: அண்ணே, பாதி லோடுல வளைவுல வண்டி ஆடுது. ஃபுல் லோடுல அவ்வளவு ஆடலையே?

நல்ல கேள்வி. முழுசாக நிரம்பிய டேங்கில் அலைவதற்கு இடமில்லை. பாதியோ முக்காலோ இருந்தால் வளைவில் திரவம் வெளிப்பக்கம் ஏறும், கூடவே எடையும் அங்கே போகும். உள்ளே இருக்கும் தடுப்புத் தகடுகள் முன்னும் பின்னும் அலைவதைத்தான் குறைக்கும், பக்கவாட்டு அலைச்சலை அல்ல.

கவிழும் எல்லையை எண்ணாகவே வைத்துக்கொள்ளுங்கள். காரை ஓட்டினால் பெரும்பாலும் கவிழ்வதற்கு முன் வழுக்கும். உயரமாக லோடு ஏற்றிய லாரி வழுக்காமலே கவிழும். அதன் எல்லை புவியீர்ப்பில் 0.35 முதல் 0.4 பங்கு பக்கவாட்டு விசை. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போனால் 0.25. அதே வளைவில் 50 கி.மீ. என்றால் 0.39! ஸ்பீடாமீட்டரில் பத்தே கிலோமீட்டர் வித்தியாசம். பாதி டேங்கருக்கு எல்லை இன்னும் கீழே. நைஸ் ரோட்டிலிருந்து துமகூரு ரோட்டுக்கு இறங்கும் சுற்று வளைவுகளில் இதை நினைவில் வையுங்கள்.

டிரெய்லரில் முதலில் தூக்குவது டிரெய்லரின் உள்பக்கச் சக்கரம். ஹார்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. சீட்டில் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பக்கத்தாங்கி கட்டிய வண்டியில் இதைத்தான் காட்டுகிறார்கள்: சக்கரம் தூக்கித் தாங்கி தரையில் படும்போது ஓட்டுநர் ஸ்பீடாமீட்டரைப் பார்க்க வேண்டும். "இவ்வளவுதானா?" என்ற அதிர்ச்சிதான் பாடம்.

நெலமங்களா, வண்டி உரிமையாளர்: சறுக்கறதை சமாளிக்கக் கத்துக்கிட்டா டிரைவருக்குத் துணிச்சல்தான் கூடும். ஒரு நாள் வண்டி நின்னா நஷ்டம் வேற.

முதல் பாதி நியாயமான பயம். நார்வேயில் கார் ஓட்டப் பழகும் இளைஞர்களுக்கு வழுக்குதளப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபின் ஆராய்ந்ததில், இளம் ஆண்களின் விபத்து குறையாமல் கூடியிருந்தது. "வழுக்கினாலும் மீட்டுவிடுவேன்" என்ற நம்பிக்கைதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அதனால் மீட்கும் வித்தையை மட்டும் காட்டி அனுப்பும் பயிற்சிக்கு உங்கள் ஆளை அனுப்பாதீர்கள். ஓட்டுநரை வேண்டுமென்றே தோற்கவிட வேண்டும். 30இல் மீட்பார், 35இல் முடியாது. அந்த இடைவெளியை அவர் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும்.

அவரே மீண்டும்: அப்போ ஸ்பீடு கவர்னரே போதுமே சார்?

80 கி.மீ.க்கு மேல் போகவிடாது, சரி. உங்கள் வண்டி கவிழப்போவது வளைவில், 50 கி.மீ. வேகத்தில். கவர்னருக்கு வளைவு தெரியாது.

கலாசிபாளையம், ஓட்டுநர்: ஓனர் சார், காலை ஆறு மணிக்கு யஷ்வந்த்பூர் யார்டுல லோடு இறங்கணும்னு நைட்டு பத்து தடவை போன் பண்றது யாரு?

இவர் சொல்வதை உரிமையாளர்கள் கேளுங்கள். வளைவில் 10 கி.மீ. குறைத்தால் போகும் நேரம் சில நொடி. அந்த நொடிகளை ஓட்டுநர் பயமில்லாமல் செலவழிக்கும்படி ஷெடியூல் போடுவது உங்கள் பொறுப்பு. பயிற்சி பாதி, இது பாதி.

ஹெப்பால்: காலி மைதானத்துல தண்ணி ஊத்தி நாங்களே பழகலாமா?

வேண்டவே வேண்டாம். ஈரத்தில் பக்கவாட்டில் வழுக்கும் சக்கரம் காய்ந்த தரையைத் தொட்டதும் சட்டென்று பிடிக்கும். அந்த இடத்திலேயே வண்டி கவிழும். ரோட்டோர மண்ணில் இரண்டு சக்கரம் இறங்கிவிட்டாலும் இதே ஆபத்துதான். வெடுக்கென்று மேலே ஒடிக்காதீர்கள், நேராக ஓடவிட்டு வேகத்தைக் குறைத்தபின் மெல்ல ஏறுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டி: ஏபிஎஸ் இருந்தா பம்ப் பண்ணலாமா?

மேலே பதில் இருக்கிறது. கூடாது.

கே.ஆர்.புரம்: ஆபத்தான சரக்கு ஏத்த லைசென்ஸ்ல பயிற்சி எழுதணுமாமே?

அது வேறு பயிற்சி. ஆர்டிஓவில் கேளுங்கள்.

சேலத்துக்கு லோடு போகிறவர்: தொப்பூர் இறக்கத்துல நியூட்ரல் போட்டா டீசல் மிச்சம்தானே?

இல்லை, தயவுசெய்து போடாதீர்கள். நியூட்ரலில் இன்ஜினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக் டிரம்மில் விழும். டிரம் கொதித்தால் பிரேக் பிடிக்காது. வேகம் ஏறியபின் கியரும் விழாது. இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு வாருங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். அழுத்தி மிதித்து 10 கி.மீ. குறையுங்கள், விடுங்கள், டிரம் ஆறட்டும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்களுக்கு: பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் பவர் ஸ்டீயரிங்கும் சேர்ந்தே நின்றுவிடும்.

ஒயிட்ஃபீல்டு: ஏபிஎஸ்ல பிரேக்கை விட்டு விட்டு...

மூன்றாவது முறை. முழுசாக மிதியுங்கள், விடாதீர்கள்.

ஹொசகோட்டே: வண்டி கவிழ்ந்துட்டா எப்படி வெளிய வர்றது? பெல்ட் போட்டா மாட்டிக்குவோம்கறாங்களே?

பெல்ட் போடாதவர்தான் கேபினுக்கு வெளியே வீசப்பட்டு வண்டிக்கு அடியில் போகிறார். பெல்ட்டைக் கட்டுங்கள், பக்கத்தில் இருக்கும் கிளீனரையும் கட்டச் சொல்லுங்கள். கவிழும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டாதீர்கள். வண்டி நின்றதும் இக்னிஷனை அணையுங்கள். தலைகீழாகத் தொங்கினால் பெல்ட்டை உடனே கழற்றக் கூடாது, கழுத்து முறியலாம். கால்களை டேஷ்போர்டில் ஊன்றி, ஒரு கையைக் கூரையில் முட்டுக் கொடுத்து, மறு கையால் கழற்றுங்கள். பக்கவாட்டில் கிடந்தால் மேல்பக்கக் கதவு கனக்கும், அதன் ஜன்னல் வழி வெளியே வரப் பாருங்கள். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, சுத்தியலுக்குச் சட்டென்று உடையாது. ஜன்னல் கண்ணாடியை உடைக்க ஒரு சுத்தியல் கை எட்டும் இடத்தில் கட்டியிருக்க வேண்டும், டூல்ஸ் பெட்டிக்குள் அல்ல.